கிழங்கும் மாத்திரையும் கள்ளும்: இந்த மாதம் அக்காவிடம் கேட்டவை

போன இதழில் "மூலிகை, மருந்து, போதை பற்றி வேதம் என்ன சொல்கிறது, எழுதிக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டாலும் போட்டோம், தபாலும் வாட்ஸ்அப்பும் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கி, பெயர்களை எடுத்துவிட்டேன். புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் போதகர் இல்லை, டாக்டரும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள், ஞாயிற்றுக்கிழமையானால் பாடகர் குழுவில் பின்வரிசை. அவ்வளவுதான் என் தகுதி.

ஸ்தோத்திரம் அக்கா. பையனுக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது. நானும் வீட்டுக்காரரும் ரட்சிக்கப்பட்டு நாலு வருஷம் ஆகிறது, மாமியார் இன்னும் பழைய வழியில்தான் இருக்கிறார். வாசலில் வேப்பிலை சொருக வேண்டும், வேப்பிலை போட்ட தண்ணீர் வார்க்க வேண்டும் என்கிறார். பாஸ்டர், வேப்பிலை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? (ஈரோடு)

முதலில் பையனைப் பார்ப்போம். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள் யாராவது விசாரிக்க வந்தால் போனில் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது, அம்மை கண்ட பிள்ளைகளுக்கு அது ஈரலையும் மூளையையும் தாக்குகிற ஆபத்து உண்டு. நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். மூச்சு வாங்கினாலோ, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் தூங்கி வழிந்தாலோ யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இனி வேப்பிலை. மரம் பாவம், அதற்கு எந்த மதமும் தெரியாது. கொரிந்து ஊர்க் கடைத்தெருவில் விற்ற கறியில் கோயிலில் படைத்துவிட்டு வந்ததும் கலந்திருந்தது, அதை வாங்கலாமா கூடாதா என்று அந்தச் சபைக்காரர்கள் உங்களைப் போலவே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பவுல் சொன்ன பதில் 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது: கடையில் விற்கிறதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, ஆனால் ஒருவர் "இது படைத்தது" என்று சொல்லித் தந்தால் அவர் மனச்சாட்சியை முன்னிட்டு வேண்டாம் என்று விடு. உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. இலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் குளிப்பாட்டினால் அது குளியல். வாசலில் சொருகினால் "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று ஊருக்குச் சொல்வது. (அந்தக் காலத்தில் "சீக்கு இருக்கிற வீடு, உள்ளே வராதே" என்பதற்கும் அதுதான் போர்டு, அந்த மட்டில் நல்ல ஏற்பாடு.) அதனால் மாமியாரிடம், "அத்தை, தண்ணி நீங்களே உங்க கையால ஊத்துங்க, வாசல்ல மட்டும் வேண்டாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பேரனுக்குத் தண்ணீர் வார்க்கிற உரிமையைப் பறிக்காமல் இருந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பாஸ்டரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், ஏற்கெனவே என்மேல் வருத்தம் உள்ளவர்கள் பட்டியலில் இன்னும் ஒருவர் சேருவார், பரவாயில்லை.

பொங்கலுக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டலாமா என்று அவிநாசியிலிருந்தும் கோபியிலிருந்தும் கேட்டவர்களுக்கு: அதைத் தை மாசம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு மூலனூர் பக்கம் நாலு ஏக்கர் காடு. கண்வலிக்கிழங்கு போட்டு விதை எடுத்து விற்கிறோம், மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. சபைக்கு வந்த ஒரு தம்பி, கிரேக்க வேதாகமத்தில் சூனியத்துக்குப் "பார்மக்கேயா" என்றுதான் இருக்கிறது, "பார்மசி" என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான், ஆகவே மருந்தே சூனியம், விஷச்செடி வளர்ப்பது பாவம் என்று பிரசங்கித்துவிட்டுப் போனார். அதிலிருந்து என் வீட்டுக்காரிக்குத் தூக்கமில்லை. (தாராபுரம் வட்டம்)

அந்தத் தம்பி சொன்னதில் பாதி உண்மைங்க, அதுதான் தொந்தரவு. கலாத்தியர் 5:20-இல் நம் பழைய மொழிபெயர்ப்பு "பில்லிசூனியம்" என்று போடுகிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது அந்தச் சொல்தான். வெளிப்படுத்தின விசேஷத்திலும் வருகிறது. ஆனால் அந்தச் சொல்லின் வேர் கிரேக்கருக்கு மூன்று அர்த்தம் தந்தது: மருந்து, விஷம், வசியம். இது புரியக் கிரேக்கம் படிக்க வேண்டியதில்லை, தமிழ் போதும். "மருந்து வாங்கப் போனான்" என்றால் என்ன, "அவனுக்கு மருந்து வச்சுட்டாங்க" என்றால் என்ன? சொல் ஒன்றுதான். ஒன்று மெடிக்கல் ஷாப், இன்னொன்று இடுமருந்து. இருமலுக்கு மருந்து குடிக்கிறவனைப் பார்த்து, சொல் ஒன்றாக இருப்பதால் நீ வசியம் செய்கிறாய் என்று யாரும் சொல்வதில்லை. பவுல் திட்டுவது இந்த இரண்டாவது மருந்தை. அடுத்தவன் மனசைக் கட்டிப்போடப் பாலிலும் சோற்றிலும் கலப்பதையும், அதற்கு மந்திரம் சொல்லிக் காசு வாங்குவதையும்.

அந்த மருந்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குப் பத்து வயசிருக்கும், எங்கள் சின்னம்மாவுக்கு ஓயாத வயிற்றுவலி. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று மருந்தெடுக்கிற ஆளிடம் கூட்டிப் போனார்கள். அவர் ஏதோ பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, மண்சட்டியில் விழுந்ததைக் குச்சியால் கிளறி, மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றைக் காட்டினார். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சின்னம்மாவுக்கு வலி போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் குடல் புண் என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். உருண்டை அந்த ஆளின் விரலிடுக்கில் முன்பே இருந்தது என்பது சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும், அந்த வயசில் சொல்லத் தைரியம் வரவில்லை. சூனியம் என்று வேதம் சொல்வது இந்த மாதிரி ஏமாற்றையும், இதைவிடக் கெட்டதையும். எபேசுவில் மாயவித்தைக்காரர்கள் மனந்திரும்பி ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமான புத்தகங்களைக் கொளுத்தியதை அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதை எழுதிய லூக்கா யார்? பவுலே "பிரியமான வைத்தியன்" என்று எழுதுகிறாரே. மருந்தே சூனியமாக இருந்தால் முதலில் கொளுத்தப்பட வேண்டியது அவருடைய பைதான்.

உங்கள் வெள்ளாமைக்கு வருவோம். காலை நேரத்தில் பெண்கள் பந்தலோரம் நின்று, பூவுக்குப் பூ மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைக்கிற வேலையை ஒருமுறை பார்த்தேன். அப்படித் தொட்டு வைக்காவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது என்றார்கள். அத்தனை கைவேலையில் வருகிற விதையிலிருந்து எடுப்பது கோல்ச்சிசின். கீல்வாதத்தில் கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே அலறுகிறவர்களுக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கவுண்டரில் நான் கொடுத்தது அதுதான். 1820-இல் பிரான்சில் பெல்தியே, கவந்து என்ற இருவர் உங்கள் செடியின் ஐரோப்பிய உறவுக்காரச் செடியிலிருந்து இதைப் பிரித்தார்கள், அதே வருஷம் அதே இருவர் மலேரியாவுக்கான கொய்னாவையும் பட்டையிலிருந்து பிரித்தார்கள். அந்தச் சின்கோனாப் பட்டையை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் இயேசு சபைப் பாதிரிமார் என்பதால், "இது போப்பாண்டவர் பொடி" என்று சொல்லித் தொட மறுத்த புராட்டஸ்டண்டுகள் இருந்தார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே கொள்கையைக் காப்பாற்றினார்கள்! பிற்பாடு அதே மரம் நம் நீலகிரியில் நடுவட்டத்தில் தோட்டம் தோட்டமாக வளர்ந்தது.

விஷச்செடிதான், சந்தேகமில்லை. அந்த மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்ற கதைகள் எல்லா ஊரிலும் உண்டு, அதனால் நடவுக்கு எடுத்து வைக்கிற கிழங்கைச் சாளைக் குடிசையில் திறந்து போடாதீர்கள். பூட்டு போடுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். உங்கள் மேல் இருக்கிற கடமை இதுதான், இதைச் செய்துவிட்டு வீட்டம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இனி குணப்படுத்த முடியாது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா தொட மாட்டேன் என்கிறார். "ஆண்டவரே சிலுவையில் மயக்க மருந்தை வாங்கவில்லை, நான் போதையோடு அவர் முன்னால் போய் நிற்க மாட்டேன்" என்கிறார். ஜெபிக்க வருகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். ராத்திரி அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. (பொள்ளாச்சி)

தம்பி, இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

அம்மா சொல்கிற வசனம் மாற்கு 15:23. வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தார்கள், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. வெள்ளைப்போளம் வேறெதுவும் இல்லை, நம் மேய்ச்சல் காடான கொரங்காட்டைச் சுற்றி முள்வேலியாக நிற்கிறதே கிளுவை, அதன் இனத்து மரத்துப் பிசின். எருசலேமில் மரண தண்டனைக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஊர்ப் பெண்கள் இந்த மாதிரி பிசின் கலந்த ரசத்தை இரக்கப்பட்டுக் கொடுப்பது வழக்கம் என்று யூதர்களின் தல்மூது சொல்கிறது. அதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம் நீதிமொழிகள் 31:6, மடிந்துபோகிறவனுக்கு மதுபானம் கொடுங்கள் என்கிற வசனம். அதாவது சாகிறவர் வலியைக் குறைப்பதை வேதம் அறிந்த அந்தப் பெண்கள் புண்ணியமாகச் செய்தார்கள். இயேசு வேண்டாம் என்றது அவருடைய வேலை, அவர் குடிக்க வேண்டிய பாத்திரம். பக்கத்தில் தொங்கிய இரண்டு பேருக்கும் கொடுக்காதே என்று அவர் சொல்லவில்லை, கொடுத்தவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. கடைசியில் தாகமாயிருக்கிறேன் என்று கேட்டு, நீட்டிய காடியை வாங்கிக்கொண்டதும் அவர்தான். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். பிரசங்கமாகச் செய்யாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேதாகமத்தை அவர் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த மாதிரி தடை புதிதில்லை. 1847-இல் எடின்பரோவில் சிம்சன் என்ற டாக்டர் பிரசவ வலிக்குக் குளோரோபார்ம் கொடுத்தபோது, "வேதனையோடே பிள்ளை பெறுவாய்" என்று ஆதியாகமம் 3:16-இல் இருக்கிறதே, கடவுள் கொடுத்த வலியை எடுக்க நீ யார் என்று எதிர்ப்பு கிளம்பியது. சிம்சனும் வேதம் படித்தவர். அதே புத்தகத்தில் ஒரு அதிகாரம் முன்னால் திருப்பிப் பாருங்கள் என்றார்: ஆதாமின் விலா எலும்பை எடுப்பதற்கு முன் கடவுள் அவனுக்கு அயர்ந்த நித்திரை வரப்பண்ணினார். 1853-இல் விக்டோரியா ராணி தன் பிரசவத்துக்கு அதை வாங்கிக்கொண்ட பிறகு வாதம் அடங்கிவிட்டது, ராணி வாங்கினால் வேதமும் இடம்கொடுக்கும் போலிருக்கிறது. கத்தோலிக்கர் பக்கம் இன்னும் தெளிவு. 1957 பிப்ரவரியில் மயக்க மருந்து டாக்டர்கள் கேட்ட கேள்விக்குப் போப் பன்னிரண்டாம் பயஸ் நேராகவே பதில் சொன்னார்: வேறு வழியில்லாதபோது, சாகிறவரின் வலியைத் தணிக்க மருந்து கொடுக்கலாம், அதனால் ஆயுள் கொஞ்சம் குறையலாம் என்றாலும், சாகடிக்கும் நோக்கம் இல்லாதவரை அது பாவமில்லை.

இனி மருந்துக் கவுண்டர் பேச்சு. மார்பின் என்பது கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பாலிலிருந்து, அதாவது அபினிலிருந்து வருகிறது. பெயரைக் கேட்டே பாதிப் பேர் பயப்படுகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், அப்புறம் பெரும்பாலும் தெளிந்துவிடும். வாந்தி வரலாம், அதற்கு மாத்திரை உண்டு. மலச்சிக்கல் அநேகமாக எல்லாருக்கும் வரும், அது மட்டும் தானாகச் சரியாகாது, அதனால் மார்பின் ஆரம்பிக்கிற அன்றே பேதி மருந்தையும் கேட்டு வாங்குங்கள். சாதா மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொடுக்க வேண்டியது, வலி வந்தபிறகு கொடுப்பதில்லை, வருவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. இந்தத் தப்பைத்தான் வீடுகளில் அதிகம் செய்கிறார்கள், வலி உச்சிக்குப் போகும்வரை பொறுத்துவிட்டுக் கொடுத்து, "கேட்கவில்லை" என்கிறார்கள். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள், மூச்சு மெதுவாகி எழுப்ப முடியாமல் கிடந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், மிச்ச மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். எல்லாக் கடையிலும் கிடைக்காது, அதற்கென்று அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். 2014-இல் சட்டத்தைத் திருத்தி அந்த அனுமதி முறையைக் கொஞ்சம் இலகுவாக்கினார்கள், அதற்கு முன்னால் ஒரு பட்டை மாத்திரைக்கு நாங்கள் பட்ட பாடு ஒரு தனிக் கட்டுரை.

அடிமையாகிவிடுவாரா என்று அம்மா கேட்பார். அடிமை என்பவன் மாத்திரைக்காக வீட்டை விடுகிறவன், பொய் சொல்கிறவன், தாலியை அடகு வைக்கிறவன். என் கண்முன் இருக்கிறது: தென்னந்தோப்புக் குடும்பத்து அம்மா ஒருவர், அதே நோய், சேலை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். மகள் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். மார்பின் ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை நான் வார்டுக்கு மருந்து கொண்டுபோனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, "சீப்பு எங்கடி" என்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். தலை பின்னிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்தபோது திருவிருந்து எடுத்தார், பாட்டில் இரண்டாவது சரணத்தை நாங்கள் விட்டுவிட்டதைக் கண்டுபிடித்துத் திட்டவும் செய்தார். அந்த மாத்திரை அவரை எங்கேயும் கொண்டுபோகவில்லை, எங்களிடம் திருப்பிக் கொண்டுவந்தது. உங்கள் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஜெபிக்க வருகிறவர்களுக்கு நன்றாக ஒரு காபி கொடுத்து, ஜெபம் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்புங்கள்.

கானா ஊர்க் கலியாணத்தில் இயேசுவே தண்ணீரைத் திராட்சரசம் ஆக்கினார். பவுல் தீமோத்தேயுவைக் குடிக்கச் சொன்னார். அப்படியானால் என் தோப்பில் என் மரத்துக் கள்ளை நான் குடித்தால் சபைக்கு ஏன் கோபம்? (காங்கயம்)

சபைக்குக் கோபம் வருமுன் போலீசுக்குக் கோபம் வருமுங்க. 1987 முதல் நம் மாநிலத்தில் கள் இறக்கத் தடை. அது சரியா தப்பா என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு, டாஸ்மாக் பாட்டிலை விற்றுக்கொண்டே கள்ளைத் தடுப்பது எந்த ஊர் நியாயம் என்று கொங்கு விவசாயிகள் கேட்பதில் தப்பில்லை. இந்தியாவில் மதுவிலக்குப் பரிசோதனை ராஜாஜி காலத்தில் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி நம் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது, அதனால் இந்த வழக்கு நமக்கு மூன்று தலைமுறைப் பழசு.

வேதத்தைக் கேட்டால், குடிப்பதே பாவம் என்று அது எங்கும் சொல்லவில்லை, வெறிப்பது பாவம் என்று பல இடத்தில் சொல்கிறது. தீமோத்தேயுவுக்குச் சொன்னது "கொஞ்சம்", அதுவும் வயிற்றுக்கோளாறுக்கு, அந்தச் சொல்லை விட்டுவிட்டு வசனத்தைச் சொல்கிற ஆண்கள் எங்கள் சபையிலும் ஏழெட்டுப் பேர். கத்தோலிக்கர் பலிபூசையில் புளித்த ரசம்தான். புராட்டஸ்டண்டு சபைகள் பலவற்றில் புளிக்காத சாறு, 1869-இல் அமெரிக்காவில் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் டாக்டர் திராட்சைச் சாற்றைக் கொதிக்கவைத்துப் புளிக்காமல் அடைத்ததிலிருந்து பரவிய வழக்கம். அட்வெண்டிஸ்ட் சபையாருக்குக் காபியே ஆகாது, நான் அங்கே போனால் ஒரு வாரம் தாங்க மாட்டேன். ஆகவே இது சபைக்குச் சபை மாறுகிற விஷயம். எங்கள் அப்பாரு பொழுதோட ஒரு கலயம் குடித்துவிட்டு யாரையும் அடிக்காமல் தொண்ணூறு வயசு இருந்தார், அவர் தம்பி அதே கலயத்தில் ஆரம்பித்து ஆறு ஏக்கரைத் தொலைத்தார். நீங்கள் எந்த ஆள் என்று உங்கள் வீட்டம்மாவைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். தாகத்துக்கு, புளிக்காத தென்னம்பாளைச் சாறான நீராவை உரிமம் பெற்று இறக்க அனுமதி இருக்கிறது.

திருப்பூரில் டிசைன் வேலை பார்க்கிறேன், வயசு 23. பூமியிலுள்ள சகல பூண்டுகளையும் உங்களுக்குக் கொடுத்தேன் என்று ஆதியாகமம் 1:29 சொல்கிறது. கஞ்சாவும் பூண்டுதானே? அமெரிக்காவில் தேவாலயத்திலேயே காளான் மருந்து கொடுத்து ஆராய்ச்சி செய்து, கடவுளை அனுபவித்தார்கள் என்று படித்தேன். அதை ஏன் நம் சபைகள் சொல்வதில்லை? (பெயர் வேண்டாம்)

சொல்லுவோமே. 1962 ஏப்ரல் 20, பெரிய வெள்ளி. பாஸ்டன் பல்கலைக்கழகத்து மார்ஷ் சாப்பல். வால்டர் பான்கே என்ற ஆராய்ச்சியாளர் இறையியல் மாணவர்கள் இருபது பேரைக் கீழ்த்தள ஆலயத்தில் உட்காரவைத்து, பத்துப் பேருக்குச் சைலோசைபின் என்ற காளான் சத்தும் பத்துப் பேருக்கு முகம் மட்டும் சிவக்கவைக்கிற ஒரு வைட்டமினும் கொடுத்தார். மேலே நடந்த ஆராதனை ஒலிபெருக்கியில் கேட்டது. சத்து வாங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் கண்டதாகச் சொன்னார்கள். கால் நூற்றாண்டு கழித்து அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டபோதும் அதை மதிப்பாகத்தான் நினைவுகூர்ந்தார்கள். நீ படித்தது பொய்யில்லை. ஆனால் அதே நாளில் ஒரு மாணவர் நிலைகொள்ளாமல் போய், ஊசி போட்டு அமர்த்த வேண்டியிருந்தது, அந்தத் தகவல் முதல் அறிக்கையில் விட்டுப்போனது. நீ படித்த இடத்திலும் அது விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் 1918-இல் ஓக்லஹோமாவில் சட்டப்படி பதிந்த சபை ஒன்று உண்டு, பேயோட்டே என்ற கள்ளிச்செடியை நற்கருணை போல உட்கொள்கிறது, பல இடங்களில் இயேசுவின் பெயரும் ஜெபத்தில் வரும். பிரேசிலில் 1930-களில் தோன்றிய சாந்தோ தைமே என்ற வழிபாட்டில் ஆயவாஸ்கா என்ற கொடிக் கஷாயம். இவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். மூத்தவர் தலைமையில் ராத்திரி முழுக்கப் பாடி ஜெபித்து, குடிகாரர்களைக் குடியிலிருந்து மீட்கவும் அதைப் பயன்படுத்துகிற ஜனம் அது. அதையும் நீ பனியன் கம்பெனி மொட்டை மாடியில் மூன்று பேரோடு சேர்ந்து இழுப்பதையும் ஒரே தட்டில் வைக்காதே.

ஆதியாகமம் 1:29 முழுசாகப் படி. "ஆகாரமாயிருக்கக்கடவது" என்று முடிகிறது. பேச்சு சாப்பாட்டைப் பற்றியது. நம் ரோட்டோரத்து ஊமத்தையும் பூண்டுதான், அதன் விதையைத் தின்றால் கண் பாவை விரிந்து, இல்லாத ஆளோடு பேசி, உயிரே போகலாம். ராகேலும் லேயாளும் பேரம் பேசின தூதாயீம் கனி, ஆதியாகமம் 30-இல் வருவது, ஊமத்தைக் குடும்பத்துச் செடிதான் என்பது பலரின் கருத்து. வேதம் அதை ஒளிக்கவில்லை, புகழவும் இல்லை. ராகேலுக்குக் கடைசியில் பிள்ளை பிறந்தது கனியால் என்று எழுதாமல், தேவன் நினைத்தருளினார் என்று எழுதிவிட்டுப் போகிறது.

என் கருத்தைக் கேட்டால், அனுபவம் நிஜமா இல்லையா என்று நான் சண்டை போட மாட்டேன். ஆவியின் கனி என்று பவுல் போடுகிற பட்டியலில் கடைசிச் சொல் இச்சையடக்கம், "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்பதும் அவர் எழுதியதுதான். திங்கட்கிழமை காலையில் உனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார். அம்மாவிடம் எரிந்து விழுகிறாயா, சம்பளம் எத்தனாம் தேதி தீருகிறது, அது இல்லாமல் ஒரு வாரம் இருந்து பார்த்தாயா? உன் வயசில் தொடர்ந்து கஞ்சா பிடித்தால் மனநோய் வருகிற வாய்ப்பு கூடும், குடும்பத்தில் யாருக்காவது ஏற்கெனவே இருந்தால் இன்னும் கூடும். இது பிரசங்கமில்லை, மருந்துப் பாடம். 1985 போதைப்பொருள் சட்டப்படி கொஞ்சமாகக் கையில் வைத்திருந்தாலும் சிறையும் அபராதமும் வரலாம், வேலை போகும், பாஸ்போர்ட்டும் சிக்கலாகும்.

இதே ஊரிலிருந்து ஒரு அம்மாவும் எழுதியிருக்கிறார், மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறானாம், உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போவதா ஆஸ்பத்திரிக்கா என்று. அம்மா, ஜெபம் எங்கிருந்தும் செய்யலாம், ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். மாத்திரை நிறுத்திய முதல் வாரம் உடம்பு முறுக்கி, வியர்த்து, வாந்தி பேதி எல்லாம் வரும், அதைப் பிசாசு என்று நினைத்துக் கட்டி வைத்துவிடாதீர்கள். அது மருந்து இறங்குவது, டாக்டர் கண்பார்வையில் இறங்க வேண்டும். பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடிக்கிறவருக்கு அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது, வக்கீலிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 14446 என்ற மத்திய அரசு உதவி எண்ணில் பக்கத்து மையத்தைச் சொல்வார்கள். மகனுக்கு, பெயர் கேட்காத நண்பர் கூட்டம் தேவைப்படும். குடிக்கு 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் போல மருந்துப் பழக்கத்துக்கும் கூட்டங்கள் உண்டு, அவற்றில் பல தேவாலயக் கூடங்களில்தான் நடக்கின்றன.

விசுவாசம் இருந்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா? ஆசா ராஜா வைத்தியரைத் தேடினதால் கர்த்தர் கோபித்தாரே. சகோதரர் ஒருவர் கொல்லிமலை மூலிகைப் பொடி தருகிறார், பக்கவிளைவே கிடையாதாம். (நாமக்கல்)

நிறுத்தக் கூடாது. ஆசா மேல் குற்றம், கர்த்தரை விட்டுவிட்டு வைத்தியரை மட்டும் தேடினது. ஏசாயா சொல்லித்தான் எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போட்டார்கள், தீர்க்கதரிசியே மருந்து சொன்ன இடம் அது. பொடிக்கு 2 இராஜாக்கள் 4-ஐப் படியுங்கள்: எலிசாவின் ஆட்களில் ஒருவன் இன்னதென்று தெரியாமல் பேய்க்கொம்மட்டிக் காயை மடி நிறைய அறுத்து வந்து கூழ்ப்பானையில் போட்டான், குடித்தவர்கள் பானையில் சாவு இருக்கிறது என்று கத்தினார்கள். அதுவும் சுத்தமான இயற்கைக் காய்தான். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா, லைசென்ஸ் எண் இருக்கிறதா? இல்லையென்றால் சகோதரரே முதலில் ஒரு வாரம் சாப்பிடட்டும். படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர் கொடுத்தால் வேறு பேச்சு, அப்போதும் இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்தையும் சொல்லுங்கள்.

அபின் செடியிலிருந்துதான் கசகசா வருகிறதாமே. குருமாவில் போடலாமா அக்கா? (சூலூர்)

தாராளமாகப் போடுங்கள். பால் வடிகிற காய் வேறு, முற்றிக் காய்ந்த விதை வேறு, நம் கடையில் வருகிற விதையை ஒரு ஸ்பூன் அரைத்துப் போட்டால் குருமா கெட்டியாகும், வேறொன்றும் ஆகாது. துபாயில் மகன் இருந்தால் மசாலாப் பொட்டலத்தில் மட்டும் சேர்த்து அனுப்பாதீர்கள். அங்கே கசகசாவுக்குத் தடை, ஏர்போர்ட்டில் பிடித்தால் குருமா கதை எடுபடாது. முந்திரி அரைத்து அனுப்புங்கள்.